‘போர்டு போச்சு’ என்பதற்கு முன்னால்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் பகுதிகளில் கணினி சர்வீஸ் கடை நடத்தும் நண்பர்களுக்கும், அந்தக் கடைகளில் வேலை கற்றுவரும் தம்பி தங்கைகளுக்கும்,



நம் தொழிலில் அதிகம் புழங்கும் தீர்ப்பு ஒன்று உண்டு: “போர்டு போச்சு சார்.” இதைக் கேட்டதும் வாடிக்கையாளர் எதிர்வாதம் செய்வதில்லை. அவருக்கு என்ன தெரியும்? கொஞ்ச நேரம் டேபிளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, “புதுசு எவ்வளவு ஆகும்?” என்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பழைய போர்டின் கதை முடிந்தது. மாதக் கடைசியில் காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துப் போவார்.

அந்தத் தீர்ப்பைச் சொல்லவே கூடாது என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறேன். நானும் உங்களில் ஒருவன்தான். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் மேசை போட்டு, சால்டரிங் அயர்னை நம்பிப் பிழைப்பவன். வெளியாள் புத்தி சொல்ல வந்திருக்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நம்மிடம் வரும் பழைய டெஸ்க்டாப்களின் நோய்க்குறிகள் உங்களுக்கே மனப்பாடம். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், டிஸ்பிளே வராது. நாலைந்து தடவை ஆன், ஆஃப் செய்தால் வரும். காலையில் மல்லுக்கு நிற்கும், மதியம் ஒழுங்காக வேலை செய்யும். விண்டோஸ் லோடு ஆகும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகும். பென் டிரைவ் சொருகினால் தெரிந்து தெரிந்து மறையும்.

நாம் செய்யும் வைத்தியமும் எல்லாக் கடையிலும் ஒன்றுதான். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகுகிறோம். கேட்கவில்லையா, விண்டோஸை ஃபார்மட் செய்கிறோம். அதற்கும் அடங்காவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். மாற்றுகிறோம். மூன்றும் பலிக்காதபோது தீர்ப்பு. இதற்கிடையில் போர்டின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? ப்ராசசரைச் சுற்றி வரிசைகட்டி நிற்கும் சின்ன உருளைகளைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, தலையில் கீறியிருக்கும் கோடு விரிந்து பழுப்புப் பிசுக்கு கசிந்திருந்தாலோ, ரப்பர் அடிப்பாகம் பிதுங்கி உருளை சாய்ந்து நின்றாலோ, நோய் எங்கே என்று தெரிந்துபோகும். பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.

அந்த உருளைகளுக்கு, அதாவது கெப்பாசிட்டர்களுக்கு, அங்கே என்ன வேலை என்பதைத் தம்பிகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.எம்.பி.எஸ். கொடுப்பது 12 வோல்ட். ப்ராசசருக்கு வேண்டியதோ ஏறக்குறைய 1.3 வோல்ட். 65 வாட் ப்ராசசர் ஒன்று 1.3 வோல்ட்டில் ஓடினால் அது இழுக்கும் மின்னோட்டம் 50 ஆம்பியர். வீட்டு மின்விசிறி அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. அந்த 50 ஆம்பியரும் சீராக வருவதில்லை. போர்டில் இருக்கும் மாஸ்ஃபெட்கள் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தைத் திறந்து மூடித்தான் 12 வோல்ட்டை 1.3 ஆக இறக்குகின்றன. வருவதெல்லாம் துண்டு துண்டாகத்தான். நம் பகுதியில் லாரித் தண்ணீர் வந்து சம்பில் கொட்டுகிறது, குழாயில் சீராக வருகிறதே, அந்த சம்ப்பின் வேலைதான் கெப்பாசிட்டருக்கு. சம்ப் தூர்ந்துபோனால் லாரி வந்தும் பயன் இல்லை.

கெப்பாசிட்டருக்கு உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் காகிதம், காகிதம் ஊறிக் கிடக்கும் எலக்ட்ரோலைட் திரவம். ஒரு தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம். திரவம் வற்றினாலோ கெட்டாலோ உள்ளே தடை ஏறும். இதைத்தான் இ.எஸ்.ஆர். என்கிறோம். தடை ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் திரவம் இன்னும் வற்றும். காலையில் மல்லுக்கு நின்ற கம்ப்யூட்டர் மதியம் வேலை செய்வதன் ரகசியமும் இதுதான்: குளிர்ந்த திரவத்தில் தடை அதிகம், கொஞ்சம் சூடானதும் குறைகிறது. வாடிக்கையாளர் “பழகிடுச்சு சார், பத்து நிமிஷத்துல வந்துடும்” என்று சொன்னால், விண்டோஸ் சி.டி.யைத் தேடாமல் டார்ச்சை எடுங்கள்.

இந்த நோய்க்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் கடைசியில் தொடங்கி 2007 வாக்கில் ஓயும்வரை உலகமெங்கும் மதர்போர்டுகளின் கெப்பாசிட்டர்கள் கொத்துக் கொத்தாக உப்பின. இ.எஸ்.ஆர். குறைய வேண்டும் என்பதற்காக எலக்ட்ரோலைட்டில் தண்ணீரின் பங்கைக் கூட்டியிருந்தார்கள். தண்ணீர் அலுமினியத்தைத் தாக்கும், ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அதைத் தடுக்கச் சில சேர்மானங்கள் வேண்டும். சரியான சேர்மானம் இல்லாத திரவம் தைவான் தொழிற்சாலைகள் சிலவற்றின் கெப்பாசிட்டர்களுக்குள் போய்ச் சேர்ந்தது. ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் சூத்திரத்தை யாரோ அரைகுறையாகத் திருடிக்கொண்டு போனதால் வந்த வினை என்று 2002, 2003 வாக்கில் தொழில்முறை இதழ்கள் எழுதின. திருட்டுக் கதை நிரூபணம் ஆனதில்லை. அடைபட்ட வாயு தலையை உப்பவைத்தது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற ஆப்டிபிளெக்ஸ் வகைக் கணினிகளில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் இந்தக் கோளாறின் நிழலில் இருந்தன என்பது, பின்னாளில் அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றில் வெளிவந்த ஆவணங்களால் 2010இல் தெரியவந்தது. பழுது நீக்கும் செலவுக்காக அந்த நிறுவனம் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. ஆப்பிளின் ஐமேக் ஜி5க்கும் தனிப் பழுதுநீக்கும் திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்த டெல் போர்டுகளில் இருந்தவை பெயரில்லாத தைவான் சரக்கு இல்லை. பேர்போன ஜப்பானிய நிச்சிக்கான் கம்பெனியின் கெப்பாசிட்டர்கள். 2000களின் தொடக்கத்தில் வந்த எச்.எம்., எச்.என். வரிசைகள் சிலவற்றில்தான் கோளாறு. அதே கம்பெனியின் மற்றச் சரக்கு இன்றும் நம்பகமானது. ஆக, உருளையின் மேல் நல்ல பெயர் அச்சாகியிருக்கிறது என்பதற்காக அதைப் பார்க்காமல் விட முடியாது.

அந்தக் கால போர்டுகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டன, இப்போது எதற்கு இந்தப் புராணம் என்று கேட்கலாம். இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதல் காரணம், நம் ஊர் வெயில். நல்ல கெப்பாசிட்டருக்கும் ஆயுள் எழுதித்தான் வருகிறது. 105 டிகிரி, 2,000 மணி நேரம் என்று குறிப்பிட்டிருந்தால், 105 டிகிரி சூட்டில் விடாமல் ஓடினால் மூன்று மாதம்கூடத் தாங்காது என்று பொருள். ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது மின்னணுவியலில் எல்லோரும் கையாளும் தோராயக் கணக்கு. 75 டிகிரியில் 16,000 மணி நேரம். 65 டிகிரியில் 32,000. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடும் கடைக் கம்ப்யூட்டருக்கு முதலாவது நாலரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாவது எட்டே முக்கால் வருடம். மெப்ஸ் வளாகத்தில் ஏ.சி. அறைக்குள் இருக்கும் போர்டும், ஜி.எஸ்.டி. சாலையோரம் தகரக் கூரையின் கீழ் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் போர்டும் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்தவையாக இருக்கலாம். அறையின் வெப்பம் 12 டிகிரி வித்தியாசப்பட்டால் இரண்டில் ஒன்றின் ஆயுள் பாதிக்கும் கீழே. போதாததற்கு, ஹீட்சிங்க்கின் இடுக்கில் படிந்த சாலைத் தூசி.

இரண்டாவது காரணம், அந்தப் பழைய கம்ப்யூட்டர்களை வைத்திருப்பவர்கள். அவர்கள் ஏழைகள், புதிது வாங்க முடியாதவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சண்முகம் சாலைப் பக்கம் கல்யாணப் பத்திரிகையும் பிட் நோட்டீஸும் போடும் டி.டி.பி. கடைக்காரரிடம் பேஜ்மேக்கரில் செய்த இருபது வருடக் கோப்புகள் இருக்கும். அவருடைய தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு லாக், பழைய பிரிண்டர் போர்ட்டில் சொருகும் வகை. புது மதர்போர்டில் அந்த போர்ட்டே இருக்காது. எடை மேடை வைத்திருப்பவர், பட்டறையில் சி.என்.சி. இயந்திரத்தைப் பழைய பி.சி.ஐ. கார்டு வழியாக ஓட்டுபவர், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பழைய அனலைசரோடு ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிவைத்திருப்பவர், எல்லோரும் இதே கட்சி. “புதுசு எடுத்துக்குங்க” என்று நாம் சொல்லும்போது, ஒரு போர்டை மட்டும் மாற்றச் சொல்வதாக நினைக்கிறோம். அவர் மாற்ற வேண்டியிருப்பதோ இயந்திரம், மென்பொருள், பழக்கம் மூன்றையும்.

இப்போது வேலைக்கு வருகிறேன். பலர் இந்த வேலையைச் செய்கிறார்கள். சில மாதத்தில் அதே போர்டு திரும்ப வருவதைப் பார்த்துவிட்டு, “கெப்பாசிட்டர் மாத்தினா நிக்காதுப்பா” என்று ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. முறையாகச் செய்தால் நிற்கும். எங்கே கோட்டைவிடுகிறோம் என்று பார்ப்போம்.

முதலில், உப்பியதை மட்டும் மாற்றுவது. ப்ராசசரைச் சுற்றியுள்ளவை இணையாக இணைக்கப்பட்டவை, சுமையைப் பங்கிட்டுக்கொள்பவை. ஆறில் இரண்டு உப்பியிருந்தால் மற்ற நான்கும் அதுவரை இரண்டின் சுமையையும் சேர்த்துச் சுமந்து களைத்தவை. அந்த வரிசை முழுவதையும் மாற்றுங்கள். உப்பாமலேயே உள்ளுக்குள் வற்றியதும் உண்டு. சாதாரண மல்டிமீட்டர் மைக்ரோ ஃபாரட் அளவைக் காட்டும், இ.எஸ்.ஆரைக் காட்டாது. இ.எஸ்.ஆர். காட்டும் சின்ன டெஸ்டர்கள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன. ஒன்று வாங்கி வையுங்கள். சந்தேகப்படும் உருளையைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். போர்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்துதான் காட்டும்.

அடுத்தது, எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கண்டுகொள்ளாமல் விடுவது. அதன் வெளியீட்டுப் பக்கத்துக் கெப்பாசிட்டர்கள் வற்றியிருந்தால், போர்டில் நீங்கள் போட்ட புதியவையும் சீக்கிரம் போகும். அதைத் திறந்து பாருங்கள். ஆனால் தம்பிகளுக்கு ஓர் எச்சரிக்கை: நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்னாகும்போது 325 வோல்ட் ஆகிறது. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதைப் பிடித்து வைத்திருக்கும். மதர்போர்டு உருளைகள் ஆளை அடிக்காது, எஸ்.எம்.பி.எஸ். அடிக்கும். கூட ஓர் அனுபவசாலி இல்லாமல் அதைத் திறக்காதீர்கள். இன்னொன்று, அதற்குள் உருளைகளின் அடியில் பழுப்பாகக் காய்ந்திருப்பது பல நேரம் தொழிற்சாலையிலேயே ஒட்டிய பசை. எல்லாவற்றையும் கசிவு என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது, கடையில் “1500, 6.3 வோல்ட் குடுங்க” என்று மட்டும் கேட்டு வாங்குவது. ரிச்சி தெருவில் அந்த அளவுக்கு ரெண்டு வகை சரக்கு இருக்கும். ரேடியோ, ஆம்ப்ளிஃபையருக்குப் போடும் சாதாரண ரகம் ஒன்று. “லோ இ.எஸ்.ஆர்., 105 டிகிரி” ரகம் இன்னொன்று. ப்ராசசர் பக்கத்தில் முதல் ரகத்தைப் போட்டால் கம்ப்யூட்டர் அன்றைக்கு ஆன் ஆகும், கொஞ்ச நாளில் மறுபடி உப்பிக்கொண்டு வரும். “நிக்காதுப்பா” என்ற பேச்சு பிறந்தது இங்கேதான். மைக்ரோ ஃபாரட் அளவு அதேதாகவோ சற்று அதிகமாகவோ இருக்கலாம். வோல்ட் அளவு குறையவே கூடாது. விட்டமும் கால் இடைவெளியும் பொருந்த வேண்டும். 10 மில்லிமீட்டர் உருளையை 8 மில்லிமீட்டர் இடத்தில் வளைத்து நிறுத்தாதீர்கள். பழைய லேபிளை உரித்துப் புது லேபிள் சுற்றிய சரக்கும் சந்தையில் சுற்றுகிறது. வழக்கத்தைவிடச் சின்னதாக, எடையே இல்லாமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் டெட் போர்டு வாங்கிப் பாகம் கழற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் அதிலிருந்து திரவ வகைக் கெப்பாசிட்டரை எடுத்து வாடிக்கையாளர் போர்டில் போடாதீர்கள். அதுவும் வெயிலில் வாழ்ந்து முடித்ததே. 2007, 2008க்குப் பிறகு பரவலான திட பாலிமர் வகை வேறு ரகம். வெள்ளி நிறம், பிளாஸ்டிக் உறை இல்லாதது, தலையில் கீறல் இல்லாதது. உள்ளே வற்றுவதற்குத் திரவமே இல்லை என்பதால், அளந்து பார்த்து நன்றாக இருந்தால் அதைத் தாராளமாக மறுபயன்பாட்டுக்கு எடுக்கலாம். ப்ராசசர் பக்கத்தில் 1.3 வோல்ட்தான் ஓடுகிறது என்பதால் 2.5 வோல்ட் பாலிமரும் அங்கே தாங்கும். அதையே 12 வோல்ட் வரும் பக்கம் போட்டால் வெடிக்கும். அந்தப் பக்கம் 16 வோல்ட்டுக்குக் குறையாமல் போட வேண்டும்.

நான்காவது, சூடு போதாமல் இழுப்பது. மதர்போர்டு நாலு அடுக்கும் அதற்கு மேலும் உள்ள பலகை. தரை இணைப்புக்கென்று உள்ளே ஒரு முழுச் செம்புத் தகடே இருக்கிறது. 25 வாட் அயர்னின் சூட்டை அது அப்படியே குடித்துவிடும். ஈயம் உருகாது, நாம் பொறுமை இழந்து பிடுங்குவோம், துளைக்குள் இருக்கும் செம்புக் குழாய் காலோடு சேர்ந்து வந்துவிடும். அதுவரை உயிரோடு இருந்த போர்டு நம் கையால் போகும். 60 வாட்டுக்குக் குறையாத, சூட்டைக் கட்டுப்படுத்தும் அயர்ன் வேண்டும், அகலமான முனை வேண்டும். 2006க்குப் பிறகு வந்த போர்டுகளில் பெரும்பாலும் ஈயமில்லாத சால்டர். உருக அதிகச் சூடு கேட்கும். கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, சாதாரண ஈயச் சால்டரைப் புதிதாக வைத்துக் கலக்கவிட்டால் சுலபமாக இளகும். ஒரு காலைச் சூடாக்கி உருளையை லேசாகச் சாய்க்க வேண்டும், மறு காலைச் சூடாக்கி எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். மாற்றி மாற்றிச் செய்தால் தானே வெளியே வரும். அடைத்த துளையைச் சூடாக்கிக்கொண்டே சால்டர் சக்கரால் உறிஞ்சுங்கள். வராவிட்டால் ஈயம் ஒட்டாத ஸ்டீல் ஊசியால் திறக்கலாம். டிரில் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது, பக்கம் மாற்றிப் போடுவது. உருளையில் பட்டைக் கோடு போட்ட பக்கம் நெகடிவ், அதில் சந்தேகம் இல்லை. போர்டில் அச்சிட்டிருக்கும் நிழலிட்ட அரைவட்டத்தைத்தான் நம்பக் கூடாது. பெரும்பாலான கம்பெனிகள் அதை நெகடிவ் பக்கம் போடுகின்றன, சில போர்டுகளில் பாசிடிவ் பக்கம் வந்திருக்கிறது. கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அந்தப் படம் வாடிக்கையாளருக்குக் காட்டவும் உதவும்.

போட்டு முடித்ததும் ஃப்ளக்ஸைத் துடைத்து, ப்ராசசர் பகுதியில் மல்டிமீட்டர் வைக்கும்போது சில ஓம் மட்டுமே காட்டினால் ஷார்ட் என்று பயப்படாதீர்கள். பல ப்ராசசர்களுக்கு அதுவே இயல்பு. டிஸ்பிளே வந்ததும் டெலிவரி கொடுத்துவிடாமல், சில மணி நேரமாவது கனமான வேலை கொடுத்து ஓடவிடுங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்றித் தூசி தட்டி, புதிய தெர்மல் பேஸ்ட் வையுங்கள். உப்பவைத்தது சூடுதான். அதைக் குறைக்காமல் அனுப்பினால் வேலை பாதியில் நிற்கிறது.

எல்லா போர்டையும் இப்படிக் காப்பாற்ற முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாஸ்ஃபெட் எரிந்து பலகை கரியானது, கசிந்த திரவம் தடங்களைத் தின்றது, சிப்செட் போனது ஆகியவை வேறு கணக்கு. வெள்ளத்தில் மூழ்கிய போர்டும் வேறு நோய். 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் தரைத்தளத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேற்றில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திரும்பவும் தண்ணீரைக் கொண்டுவந்தது. அப்படி வரும் போர்டில் கெப்பாசிட்டர் மாற்றுவது வைத்தியம் இல்லை. மின்சாரம் கொடுக்காமல், சிமாஸ் பேட்டரியை உடனே கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாக உலர்த்திவிட்டுத்தான் தொட வேண்டும். சிப்களுக்கு அடியில் துரு ஏறியிருந்தால் கைவிட வேண்டியதுதான். அப்போதும் ஒரு வார்த்தை கட்டாயம் சொல்லுங்கள்: “போர்டு போனாலும் உங்க ஃபைல் ஹார்ட் டிஸ்க்லதான் இருக்கு, தனியா எடுத்துப் பார்க்கலாம்.” பாதி வாடிக்கையாளர்கள் போர்டோடு குழந்தையின் படங்களும் கணக்குகளும் போய்விட்டன என்று நினைத்துத்தான் முகம் வாடுகிறார்கள்.

இனி காசு விஷயம். புது போர்டு விற்றால் கமிஷன் உண்டு, வாரண்டி கம்பெனி தலையில். பழையதைப் பழுது பார்த்தால் இரண்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராத வேலை, திரும்ப வந்தால் நம் தலையில். “பத்து ரூபா சாமானுக்கு இவ்வளவா?” என்ற பேச்சு வேறு. கடை வாடகையும் கரண்ட் பில்லும் கட்டுகிறவர் முதல் வழியைத் தேர்ந்தால் அதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். கோளாறு நாம் பில் போடும் முறையில் இருக்கிறது. சாமானுக்குத் தனி வரி, கைவேலைக்குத் தனி வரி எழுதுங்கள். ஒரு வரிசைக் கெப்பாசிட்டர்கள் நூறு, இருநூறு ரூபாயைத் தாண்டுவது அரிது. கைவேலைக்கு அதைவிடப் பல மடங்கு தயங்காமல் கேளுங்கள். அப்போதும் புது போர்டு, அதற்கேற்ற ப்ராசசர், ரேம் என்று மூன்றும் மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான் வரும். பார்த்துச் சொல்வதற்கே ஒரு கட்டணம் வையுங்கள். டாக்டர் ஃபீஸ் கொடுக்கிற ஊர் இதையும் கொடுக்கும்.

இன்னொரு அலை வந்துகொண்டிருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. இன்டெல் ப்ராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவதில்லை. நல்ல நிலையில் ஓடும் டெஸ்க்டாப்களையும் இந்த ஒரு காரணத்துக்காக மூட்டை கட்டுகிறார்கள். அவற்றில் லினக்ஸ் போட்டு டியூஷன் சென்டருக்கோ நூலகத்துக்கோ கொடுக்கலாம். அதற்கும் முதலில் போர்டு உயிரோடு இருக்க வேண்டும்.

தூக்கிப்போடுவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். கன்னடபாளையம் குப்பைமேட்டையும் பெருங்குடிக் குப்பைமேட்டையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வாழ்ந்த ஊர்கள் நம்முடையவை. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பை மலையாக எழுந்தது. ஒரு மதர்போர்டில் ஈயம் இருக்கிறது, புரோமின் கலந்த பிளாஸ்டிக் இருக்கிறது. செம்புக்காகத் திறந்தவெளியில் எரித்தால் அந்தப் புகையைச் சுவாசிப்பது எரிப்பவரும் அக்கம்பக்கத்தாரும்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் கழிவு போக வேண்டும் என்கின்றன. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையவாசல் ஒன்றைத் திறந்தது. சட்டம் உரிமையைக் கொடுக்கலாம். பழுது பார்க்கத் தெரிந்த கை தெருவில் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் அந்த உரிமையை யாரிடம் கொண்டுபோவார்?

ஆகவே, நண்பர்களே, நான் உங்களிடம் கேட்பவை நான்கு.

ஒன்று, “போர்டு போச்சு” என்று சொல்லும் முன் கேபினெட்டை வாடிக்கையாளர் கண்ணெதிரே திறந்து, கெப்பாசிட்டர்களைக் காட்டுங்கள். ஒழுங்காக இருந்தால் அதையும் காட்டுங்கள். உங்கள் தீர்ப்பை அவர் அதிகம் நம்புவார்.

இரண்டு, மாற்றியது எது, எத்தனை, என்ன வகை என்று பில்லில் எழுதுங்கள். கழற்றிய பழையவற்றை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுங்கள். மெக்கானிக் ஷெட்டில் பழைய பிரேக் ஷூவைக் கேட்டு வாங்கும் மனிதர், இதையும் வாங்கிப் பார்க்கட்டும்.

மூன்று, உங்களிடம் கருவியோ நேரமோ இல்லாவிட்டால், செய்பவரிடம் அனுப்புங்கள். குரோம்பேட்டையில் ஒருவர், மேடவாக்கத்தில் ஒருவர், மேற்குத் தாம்பரத்தில் ஒருவர் என்று சிப் லெவல் வேலை செய்யும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அனுப்பியவருக்கும் ஒரு பங்கு என்று பேசிக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை.

நான்கு, தம்பிகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஃபார்மட் அடிப்பதையும் டிரைவர் ஏற்றுவதையும் மட்டுமே கற்ற பையன், சில வருடங்களில் வாடிக்கையாளரே அதையெல்லாம் ஃபோனைப் பார்த்துச் செய்துகொள்ளும்போது வேலை இல்லாமல் நிற்பான். எந்த மூலையில் பார்த்தாலும் நம் கடைகளில் ‘டெட்’ என்று மார்க்கரில் எழுதிய போர்டுகள் கிடக்கின்றன. கற்க அவை போதும். அதில் கெப்பாசிட்டர்களைக் கழற்றவும் திரும்பப் போடவும் பழகட்டும், துளை கெடாமல் தொடர்ந்து செய்ய வரும்வரை வாடிக்கையாளர் போர்டில் கை வைக்க விடாதீர்கள்.

தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று: முதலாளிக்கு நேரமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் என் மேசைக்கு வாருங்கள். அயர்ன் என்னுடையது, ஈயம் என்னுடையது, கெடுத்துப் பழக டெட் போர்டும் என்னிடமே நிறைய இருக்கிறது. கட்டணம் கிடையாது. பழகி முடித்தபின் உங்கள் கடைக்கு வரும் அடுத்த ‘போன’ போர்டை நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்கள். அதன் பிறகும் போச்சு என்று சொன்னால், அந்தத் தீர்ப்பை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிழக்குத் தாம்பரத்திலிருந்து
உங்கள் தொழில்காரன் ஒருவன்